ஒன்பது 'ஏ' பதாகைகளுக்குப் பின்னால்: திருகோணமலைப் பாடசாலைகளை எதை வைத்து ஒப்பிடுவது?

காலை ஆறரை மணிக்கும் ஏழேகாலுக்கும் இடையில் உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் நின்றால் எங்கள் மாவட்டத்தின் கல்வி நிலைமை கண்முன்னே ஓடும். நிலாவெளி, சாம்பல்தீவு, அலஸ்தோட்டம் பக்கமிருந்து வான்களும் ஓட்டோக்களும் பஸ்களும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு நகரத்தை நோக்கிப் போகும். போகிற வழியில் அவை தமது ஊர்ப் பாடசாலைகளின் வாசலைக் கடந்துதான் போகின்றன. அந்த வாசல்களுக்குள் நடந்து போகிற பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலும் வான் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்.

அலஸ்தோட்டத்தில் ஓட்டோ ஓடும் தெரிந்தவர் ஒருவர் தன் மகளை ஆறாம் தரத்திலிருந்து நகரப் பாடசாலைக்கு அனுப்பப் படாதபாடு பட்டார். இடம் கிடைக்கவில்லை. "எங்கட பள்ளிக்கூடத்தில சயன்ஸ் ரீச்சர் மாறிப் போய் ரெண்டு தவணை. இன்னும் ஆள் வரேல்ல. பிறகு ரிசல்ட் வந்தாப் போல, எங்கட பள்ளிக்கூடம் சரியில்லை எண்டு எல்லாரும் கதைப்பினம்" என்றார். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அவருடைய இரண்டாவது வசனம்தான்.

க.பொ.த சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் திருகோணமலை நகரம் பதாகைகளால் நிறைந்துவிடும். 9 ஏ எடுத்தவர்கள் இத்தனை பேர், 8 ஏ எடுத்தவர்கள் இத்தனை பேர் என்று படங்களோடு தொங்கும். கவனித்துப் பார்த்தால் ஒரே பிள்ளையின் படம் மூன்று பதாகைகளில் இருக்கும். ஒன்று பாடசாலையுடையது. இன்னொன்று தனியார் கல்வி நிலையத்துடையது. மூன்றாவது கணிதத்துக்கு மட்டும் தனியாக ரியூஷன் கொடுத்த ஆசிரியருடையது. அந்தப் பிள்ளையின் வெற்றிக்கு மூவர் உரிமை கோருகிறார்கள். கோட்டட்டும், பிழையில்லை. ஆனால் அதே பதாகையை வைத்து இந்தப் பாடசாலை நல்லது, அந்தப் பாடசாலை கூடாது என்று தீர்ப்பெழுதும்போது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கந்தளாய், கிண்ணியா, மூதூர் என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. மாகாணம், மாவட்டம், வலயம் என்று பிரித்துப் பரீட்சைத் திணைக்களம் புள்ளிவிபரங்களை வெளியிடுகிறது. அவற்றில் ஒரு வலயம் மேலே வருவதும் இன்னொன்று கீழே போவதும் உள்ளூர்ச் செய்தியாகிறது. கூட்டம் கூட்டுகிறார்கள், அதிபர்களை எழுப்பிக் கேள்வி கேட்கிறார்கள். அடுத்த வருடம் அந்த இலக்கம் ஏறினால் யாரோ ஒருவருக்குப் பொன்னாடை. இந்த இலக்கம் எதை அளக்கிறது என்ற கேள்வி மட்டும் அந்தக் கூட்டங்களில் எழுவதில்லை.

முதலில் சேர்க்கையைப் பார்ப்போம். நகரத்தின் பெரிய பாடசாலைகளுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. சுவாமி விபுலானந்தர் 1920களில் அதிபராக இருந்த, இராமகிருஷ்ண மிஷன் நடத்திய கோணேஸ்வரா இந்துக் கல்லூரி. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடங்கிய சண்முக இந்து மகளிர் கல்லூரி. கத்தோலிக்கத் திருச்சபை வளர்த்த புனித சூசையப்பர், புனித மரியாள் கல்லூரிகள். 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பிறகும் கட்டடம், நூலகம், பெயர், பழைய மாணவர் எல்லாம் அந்தந்தப் பாடசாலையோடுதான் நின்றன. இன்று ஒரு பெற்றார் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை ஏன் உயிர்போகிற காரியமாக எடுக்கிறார் என்றால், பிரபல பாடசாலைகளின் வாசலைத் திறக்கும் சாவி அதுதான் என்பதால். 200 புள்ளிகளில் நன்றாக எடுத்த பிள்ளைகள் ஊர்ப் பாடசாலையை விட்டு நகரத்துக்குப் போகிறார்கள். ஆறு வருடங்களின் பின் சாதாரண தரத்தில் அவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். இதில் எவ்வளவு பங்கு பாடசாலையுடையது, எவ்வளவு பங்கு பத்து வயதிலேயே பொறுக்கி எடுத்ததற்குரியது?

இதிலே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியையும் மத்திய பாடசாலைகளையும் கொண்டுவந்தபோது எண்ணியது இதற்கு நேர்மாறானது. நாட்டுப்புறங்களில் 54 மத்திய பாடசாலைகள் எழுந்தன. கெட்டிக்காரக் கிராமத்துப் பிள்ளை கிராமப்புறத்திலேயே, விடுதியில் தங்கி, ஆய்வுகூடம் உள்ள பாடசாலையில் படிக்க வேண்டும் என்பதற்காகவே புலமைப்பரிசில் வந்தது. காலப்போக்கில் மத்திய பாடசாலைகள் மங்க, புலமைப்பரிசில் கிராமத்திலிருந்து கெட்டிக்காரரை வடித்தெடுத்து நகரத்துக்கு அனுப்பும் வடியாகிவிட்டது. 2016இல் 'அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்று ஒரு திட்டம் வந்தது. சில இடங்களில் கட்டடங்கள் எழுந்தன, வர்ணம் பூசப்பட்டது. நிலாவெளி வீதி வான்களின் எண்ணிக்கை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கணக்கு. ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன், இது எந்தப் பாடசாலையினதும் உண்மைக் கணக்கல்ல. ஒரு கிராமப் பாடசாலையில் ஆறாம் தரத்தில் 22 பிள்ளைகள் இருந்தார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 12 பேர். தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடம் சித்தியடைந்து, மூன்றில் திறமைச் சித்தியும் பெற்று உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்கள் 9 பேர். வலயக் கூட்டத்தில் அது 75 வீதம். கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஆறாம் தரத்திலிருந்த 22 பேரில் பார்த்தால் 41 வீதம். மிச்சம் 10 பிள்ளைகள் எங்கே? சிலர் வேறு பாடசாலைக்கு மாறியிருக்கலாம். சிலர் உல்லாசப் பயணிகள் வரும் பருவத்தில் விடுதிகளில் வேலைக்குப் போய் அங்கேயே நின்றிருப்பார்கள். சிலர் கடலுக்கு, சிலர் மேசன் வேலைக்கு. தாய் மத்திய கிழக்கில் இருக்க, அம்மம்மாவோடு வளர்ந்து, ஒன்பதாம் தரத்தோடு புத்தகத்தை மூடிய பெண் பிள்ளை ஒன்றிரண்டு. சித்தி வீதம் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. பரீட்சை மண்டபத்துக்கு வராதவர் புள்ளிவிபரத்தில் பிறக்கவே இல்லை.

ஆக, இந்தக் கணக்கு நகரப் பாடசாலைக்குச் சாதகம், கிராமப் பாடசாலைக்குப் பாதகம் என்று ஒரு பக்கமாகச் சொல்லிவிட முடியாது. சில வேளை கிராமப் பாடசாலையின் தோல்வியையும் அதுவே மூடி மறைக்கிறது. பலவீனமான பிள்ளையை இந்த முறை தோற்ற வேண்டாம், அடுத்த முறை பார்ப்போம் என்று சொல்லும் பழக்கம் நகரத்திலும் கிராமத்திலும் உண்டு என்பது பெற்றாருக்குத் தெரியும். இன்னொன்று: 12 பேர் தோற்றும் பாடசாலையில் ஒரு பிள்ளை கணிதத்தில் தவறினால் வீதம் எட்டுக்கு மேல் இறங்கும். 150 பேர் தோற்றும் பாடசாலையில் அதே ஒரு பிள்ளை ஒரு வீதத்தைக்கூட அசைக்காது. எனவே சிறிய பாடசாலையின் இலக்கம் வருடத்துக்கு வருடம் குதிப்பதை வைத்து அதிபரைத் தூக்கிவைப்பதும் தூக்கியெறிவதும் அர்த்தமற்றவை. ஐந்து வருடங்களையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லண்டனிலுள்ள எம்மவர்களுக்கு இந்த விவாதம் பழகியது. இங்கிலாந்தில் 1992 முதல் பாடசாலைகளின் பெறுபேற்றுப் பட்டியல்கள் வெளியாகின்றன. பட்டியலில் மேலே இருக்கும் பாடசாலைக்கு அருகில் வீடு வாங்க எம்மவர்கள் எவ்வளவு கடன்படுகிறார்கள் என்று அங்குள்ள உறவினர்களைக் கேட்டால் சொல்வார்கள். வசதியுள்ள இடத்துப் பாடசாலைகளே பெரும்பாலும் மேலே வருகின்றன என்ற விமர்சனம் வளர்ந்து, 2016இல் வேறொரு அளவுகோல் வந்தது. ஆரம்பப் பாடசாலையை முடிக்கும்போது ஒரு பிள்ளை எந்த நிலையில் இருந்தது, பதினாறு வயதில் எந்த நிலைக்கு வந்தது, அதே நிலையில் தொடங்கிய நாடு முழுவதுமுள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டால் முன்னேற்றமா பின்னடைவா என்று அது பார்க்கிறது. அதிலும் குறைகள் உண்டு, வறுமையை அது கழித்துப் பார்ப்பதில்லை. வேல்ஸ் 2001இலேயே பட்டியல் வெளியிடுவதைக் கைவிட்டது. ஆனாலும் எங்கே தொடங்கினாய் என்று கேட்கிற அளவுகோல், எங்கே முடித்தாய் என்று மட்டும் கேட்பதைவிட நேர்மையானது. இலங்கையில் இதற்கான மூலப்பொருள் இருக்கிறது. ஐந்தாம் தரப் புள்ளியும் சாதாரண தரப் பெறுபேறும் ஒரே பரீட்சைத் திணைக்களத்திடம்தான் உள்ளன. இரண்டையும் இணைத்துப் பார்த்தால், 70 புள்ளியோடு வந்த பிள்ளையை உயர்தரம் வரை கொண்டுபோன கிராமப் பாடசாலை எது, 170 புள்ளியோடு வந்த பிள்ளையை இடையில் தொலைத்த பெரிய பாடசாலை எது என்பது தெரியவரும். சில பதாகைகள் அதன்பின் சுருங்கலாம்.

இவை எல்லா மாவட்டங்களுக்கும் பொருந்தும். எங்கள் மாவட்டத்துக்கென்று தனியான இன்னொரு கணக்கும் இருக்கிறது.

2006 ஜனவரியில் சம்பூரில் முதலாம் தரத்தில் சேர்ந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரலில் குண்டுவீச்சு தொடங்கியது. ஊர் எழும்பி ஓடியது. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களுக்கு வந்து சேர்ந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. நிலம் முதலீட்டுச் சபைக்குப் போனது, ஒரு பகுதி கடற்படை முகாமானது. 2015இல் ஒரு பகுதி விடுபட்டது. கடற்படை முகாம் இருந்த நிலம் 2016 மார்ச்சில்தான் மக்கள் கைக்கு வந்தது. அந்தப் பிள்ளை சாதாரண தரம் எழுத வேண்டிய வருடமும் 2016தான். முதலாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை, ஏறக்குறைய முழுப் பள்ளிக்காலமும் தகரக் கொட்டிலும் தறப்பாளும் நிவாரண வரிசையும். அந்தப் பிள்ளை எழுதிய வினாத்தாளும் கொழும்பு ஏழில் ஒரு பிள்ளை எழுதிய வினாத்தாளும் கேள்விக்குக் கேள்வி ஒன்றே.

அதே 2016 மே மாதம் சம்பூர் மகா வித்தியாலயத்தில் ஆய்வுகூடம் திறந்தபோது, மேடையில் அன்றைய கிழக்கு முதலமைச்சர் கடற்படை அதிகாரி ஒருவரைக் கடிந்துகொண்டதுதான் நாடு முழுவதும் செய்தியானது. பல நாள் அதைப் பற்றியே பேசினோம். பத்து வருடங்கள் கழித்து ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு ஆய்வுகூடம் வந்ததைப் பற்றி, அதில் பரிசோதனை செய்து காட்ட ஆசிரியர் இருக்கிறாரா என்பதைப் பற்றி, ஒரு தலைப்புச் செய்தியையும் நான் காணவில்லை.

நகரம் மட்டும் சுகமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் மாலை வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலில் காத்திருந்த பெற்றாரின் பயம் எந்தப் பெறுபேற்றுப் பகுப்பாய்விலும் பதிவாகவில்லை. வடக்கே தென்னமரவாடி, திரியாய் மக்கள் எண்பதுகளின் நடுப்பகுதியிலேயே ஊரைவிட்டுப் போனவர்கள். திரும்பி வந்தபோது பாடசாலையோடு சேர்த்து ஊரையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஒரு பாடசாலைக்கு பழைய மாணவர் இல்லாமல் போவது என்றால் என்ன என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

போர் முடிந்தது, இனி என்ன சாட்டு என்று கேட்பவர்களுக்குக் கடந்த வருடத்தைச் சொல்லலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது. 2006இல் போரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அதே மாவிலாறு. மூதூர், வெருகல், சேருவில பக்கத்துக் கிராமங்களிலிருந்து சனம் மறுபடியும் மூட்டை கட்டியது. பரீட்சை இடைநிறுத்தப்பட்டு 2026 ஜனவரியில் தொடர்ந்தது. குறிப்புப் புத்தகம் வெள்ளத்தோடு போன பிள்ளையும் மேல்மாடி வீட்டில் ஒன்றரை மாதம் மேலதிகமாகப் படிக்கக் கிடைத்த பிள்ளையும் மறுபடி ஒரே வினாத்தாளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஆசிரியர் பிரச்சினைக்கு வருவோம். எல்லாவற்றையும்விட இது அலுப்பூட்டும் விடயம், அதனால்தான் யாரும் எழுதுவதில்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நகரத்திலிருந்து மூதூருக்குப் போக லோஞ்சையும் பாதையையும் நம்பியிருந்தோம். பாலம் வந்த பிறகு பயணம் எளிதானது. ஆனால் அதற்கு எதிர்பாராத ஒரு விளைவும் உண்டு. முன்பு மூதூர் கிழக்கில் நியமனம் கிடைத்த ஆசிரியர் ஊரில் அறை எடுத்துத் தங்கினார், மாலையில் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பும் நடந்தது. இப்போது நகரத்தில் வீடு, காலை பஸ், ஒன்றரைக்கு மணி அடித்ததும் திரும்பும் பஸ். ஆசிரியரைக் குறைசொல்ல நான் வரவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் நகரப் பாடசாலையில் படிக்கிறார்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பது அவருடைய உரிமை. ஆனால் அவர் போகும் நாளுக்கும் பதிலாள் வரும் நாளுக்கும் இடையிலுள்ள மாதங்களைப் பிள்ளைக்கு யார் திருப்பிக் கொடுப்பது? கோமரங்கடவல, மொரவெவ பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளுக்கும் தூரத்தின் கதை இதேதான். அங்கே யானையும் சேர்ந்துகொள்ளும்.

பாடசாலை வகையும் இதற்குள் இருக்கிறது. 1ஏபி வகைப் பாடசாலையில்தான் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம். இரண்டாம் வகை பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். ஊரில் 1சி மட்டும் உள்ள, 9 ஏ எடுத்த பிள்ளை வைத்தியராக ஆசைப்பட்டால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். அதற்கு நகரத்தில் உறவினர் வேண்டும், அல்லது அறை வாடகை வேண்டும். இரண்டும் இல்லாத பிள்ளை கலைப்பிரிவில் சேர்கிறது. பிறகு நாம், மூதூர் கிழக்குப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் குறைவு என்று கருத்தரங்கு வைக்கிறோம்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா இதைச் சரிசெய்யும் என்பார்கள். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையில் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. தரப்படுத்தல் என்ற சொல் எம்மவரிடையே எழுப்பும் கோபம் நியாயமானது. எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்மொழி மூலப் பிள்ளை கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று வைத்தது அப்பட்டமான அநீதி. ஆனால் பின்னர் வந்த மாவட்டக் கோட்டா யாழ்ப்பாணத்துக்கு இழப்பாகவும், திருகோணமலை, மன்னார், வவுனியா போன்ற இடங்களின் பிள்ளைகளுக்கு ஒரு வாசலாகவும் இருந்தது என்பதை நாம் உரக்கச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

இன்று அந்த வாசலால் போவது யார்? கோட்டாவின் அலகு மாவட்டம். அதற்குக் கோணேசர் கோயிலடியும் வெருகலும் ஒன்று. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரில் வரும் இடத்துக்கு நகரத்து ரியூஷன் வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் பிள்ளையும், வாத்தியார் இல்லாத வகுப்பறையில் இருந்த பிள்ளையும் போட்டியிடுகிறார்கள். பின்தங்கல் வெருகலுடையது, சலுகை நகரத்துக்கு. கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். என் உறவுக்காரப் பிள்ளைகளும் நகரப் பாடசாலைகளில் படித்து இந்தக் கோட்டாவால் பயன்பெற்றவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புலம்பெயர்ந்த பணமும் அதே திசையில் பாய்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பெரிய பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் இரவு விருந்து வைத்து நிதி சேர்க்கின்றன. நல்ல காரியம். அந்தப் பணத்தில் வந்த திறன் பலகைகளையும் நீச்சல் தடாகக் கனவுகளையும் நான் குறைசொல்லவில்லை. ஆனால் நாற்பது வருடத்தில் மூன்று முறை இடம்பெயர்ந்த பாடசாலைக்கு ரொறன்ரோவில் சங்கம் இருக்காது. அதன் பழைய மாணவர் பலர் உயிரோடே இல்லை. ஒரு சங்கம் தன் கல்லூரிக்குத் திரட்டும் நிதியில் பத்திலொரு பங்கை ஈச்சிலம்பற்றிலோ சேனையூரிலோ ஒரு கணித ஆசிரியரின் தங்குமிடத்துக்குக் கொடுத்தால், அது எந்தப் பதாகையிலும் வராது. ஆனால் ஆசிரியர் இரவில் ஊரில் நிற்பார்.

பெற்றார் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையிடம் யாரும் கேட்கலாம். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு. இந்தப் பாடசாலையில் ஆறாம் தரத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினார்கள்? அனுமதிக்கப்பட்ட ஆளணியில் விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலத்துக்கு எத்தனை வெற்றிடம், எந்தத் திகதியிலிருந்து? நகரப் பாடசாலைகளில் அதே பாடங்களுக்கு மேலதிகமாக எத்தனை பேர்? இந்த மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தால், பெறுபேற்றுக் கூட்டத்தில் எழும்பி நிற்க வேண்டியவர் அதிபர் மட்டுமல்ல என்பது தெரியும்.

அலஸ்தோட்டத்து நண்பருக்கு இதைச் சொன்னேன். "பதில் வாறதுக்குள்ள பிள்ளை ஒன்பதாம் ஆண்டு முடிச்சிடும்" என்று சிரித்தார். பிறகு நான் எழுதிக் கொடுத்த தாளை வாங்கி, மகளின் முழுப் பெயரைக் கீழே எழுத வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை, உங்கள் பெயர் போதும் என்றேன். ஓட்டோவின் முன்கண்ணாடிக்கு அருகில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் அதைச் செருகிக்கொண்டு, பாடசாலை விடும் நேரமாகிவிட்டதென்று புறப்பட்டார்.